அண்மைய மாற்றங்களில் ஆளை அறிவது

தமிழ் விக்கிப்பீடியாவில் யார் எந்தக் கட்டுரையைத் தொகுத்தார் என்று வரிசையாகக் காட்டும் ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தை ஒரு வாரம் விடாமல் பார்த்தால் சில பெயர்கள் தாமாகவே மனத்தில் பதிந்துவிடும். 2003 செப்டம்பரில் தொடங்கிய தளம் இது. இன்று ஒன்றரை இலட்சத்துக்கு மேல் கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் நாள்தோறும் தொகுப்பவர்களைச் சேர்த்தால் ஒரு சின்னத் தெருவில் குடிவைத்துவிடலாம். காலையில் வந்தவரே மாலையிலும் வருவார், அடுத்த ஆண்டும் வருவார். இந்தப் பரிச்சயம் சுற்றுக்காவல் வேலையை, அதாவது புதிய தொகுப்புகளைச் சரிபார்ப்பதை, பாதியாகக் குறைக்கிறது. அதே பரிச்சயத்தால்தான் தெரிந்தவர் செய்த பிழை பல மாதம் அப்படியே நிற்கிறது, புதியவர் செய்த நல்ல திருத்தம் சில நிமிடத்தில் அழிகிறது. அதனால் ஆளை எப்படி அடையாளம் காண்பது, அந்த அடையாளத்தை எங்கே நம்பக் கூடாது என்பதை இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

முதலில் பக்கத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். காட்டும் எண்ணிக்கையை 500 என்றும் காலத்தை 7 நாள் என்றும் வையுங்கள். 30 நாளுக்கு முந்தியவை இந்தப் பக்கத்தில் கிடைக்காது. அதற்கு அந்தந்தக் கட்டுரையின் வரலாற்றுக்குத்தான் போக வேண்டும். தானியங்கிகளின் (நிரல் மூலம் தாமாகத் தொகுக்கும் கணக்குகளின்) தொகுப்புகள் இயல்பாகவே மறைந்திருக்கும், அப்படியே விடுங்கள். வடிகட்டியில் பயனரின் அனுபவத்தைப் பொறுத்துப் பிரிக்கும் வசதி உண்டு. 10 தொகுப்போ 4 நாளோ நிறையாதவர் புதியவர். 500 தொகுப்பும் 30 நாளும் கடந்தவர் அனுபவசாலி. இந்த இரண்டு குழுவுக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்துவிட்டால் கண் சோராது.

பிறகு பெயரைப் பார்க்கும் முன் பைட் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் +6, −1, +2,340 என்று வருமே, அதுதான்: கட்டுரையின் அளவு எத்தனை பைட் கூடியது, குறைந்தது என்ற கணக்கு. தமிழில் ஓர் எழுத்துக்குறி 3 பைட் பிடிக்கும். புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனிக் குறிகள்தாம், அவற்றுக்கும் தலா 3. ஆக, ‘ப்’ என்றால் 6. ‘படித்து பார்த்தார்’ என்பதைப் ‘படித்துப் பார்த்தார்’ ஆக்கினால் +6. ஒரே பயனர் பெயரில் கட்டுரை கட்டுரையாக +6, +6, +12, +18 என்று இறங்கினால், ஒற்று திருத்துபவர் வேலையில் உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். −1, −1, −2 என்று வந்தால் காற்புள்ளிக்கு முன்னால் கிடக்கும் இடைவெளிகளைக் களைபவர். ரகர றகரம், னகர ணகரம் மாற்றுபவருக்குப் பெரும்பாலும் 0 என்றே காட்டும்.

அந்தப் பூச்சியத்தில் கவனம் தேவை. ‘ஜெர்மனி’யைச் ‘செருமனி’ ஆக்கினாலும் 0 தான், ஏனென்றால் இரண்டிலும் ஏழு குறிகள். ‘ஆஸ்திரேலியா’ ‘ஆத்திரேலியா’ ஆனாலும் 0. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது தமிழ் விக்கியில் தொடக்க காலம் முதல் ஓயாத விவாதம். எண்ணைப் பார்த்தால் எழுத்துப்பிழைத் திருத்தம் போலவே கிடக்கும் மாற்றம், கட்டுரையின் நடையையே மாற்றியிருக்கலாம். பூச்சியம் வந்தால், பழைய உரையையும் புதிய உரையையும் அருகருகே காட்டும் ‘வேறுபாடு’ இணைப்பைத் திறந்து பார்க்காமல் விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விசைப்பலகைப் பழக்கமும் ஆளைச் சொல்லும். ‘கௌதமர்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் தட்டுபவர்கள் இருக்கிறார்கள். திரையில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்; தலைப்பில் அப்படி நேர்ந்தால் ஒரே பொருளுக்கு இரண்டு கட்டுரைகள் உருவாகிவிடும். சரிசெய்தால் −3 காட்டும். பிடிஎஃப், வேர்டு கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டுபவர்களின் உரையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புநீக்கிக் குறிகள் வரும். அவை நீக்கப்படும்போது வேறுபாட்டில் இரு பக்கமும் ஒரே சொல்லாகத் தெரியும், எண் மட்டும் 3 குறைந்திருக்கும். இதைக் கண்டு குழம்பிப்போய் ‘காரணமற்ற தொகுப்பு’ என்று சொல்லி முன்பிருந்தபடியே மீள்விப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அது நல்ல துப்புரவு வேலை.

சொல்வழக்கைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம். ‘ரொறன்ரோ’, ‘உதைபந்தாட்டம்’ என்று கை இயல்பாக எழுதினால் இலங்கைப் பழக்கம். ‘டொரண்டோ’, ‘கால்பந்து’ என்றால் தமிழ்நாட்டுப் பழக்கம். ஆனால் பல ஆண்டு சேர்ந்து எழுதியதில் இரு தரப்பும் ஒருவர் சொல்லை ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இதை வைத்து ஊரைத் தீர்மானிக்காதீர்கள். நேரமும் அப்படித்தான். பேச்சுப் பக்கக் கையொப்பத்தில் விழுவது உலகப் பொது நேரம். 02:00 என்றால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் காலை 7:30, கோடையில் தொராண்டோவில் முந்தைய நாள் இரவு 10 மணி. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் இந்த இரண்டையும் மணி பார்த்துப் பிரிக்க வழியே இல்லை.

இவற்றைவிட நம்பகமானது தொகுப்புச் சுருக்கம், அதாவது தொகுப்பைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பு. ‘உரை திருத்தம்’ என்று மட்டும் எழுதுபவர், எதையுமே எழுதாதவர், எந்தச் சான்றைச் சேர்த்தேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்பவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது; அது சட்டென்று மாறாது. சமூகத்தின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியிலும் அப்படியே. சிலர் ஆதரவைக் காட்டும் ‘விருப்பம்’ வார்ப்புருவோடு நிறுத்திக்கொள்வார்கள், சிலர் மூன்று பத்தி எழுதுவார்கள். எதுவும் எழுதாமல் நன்றிப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுடைய பெயர் நன்றிப் பதிகையில் நிறைய இருக்கும், உரையாடலில் இராது. சமூகத்தைத் தாங்குகிறவர்களில் அவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இனி, இந்த அடையாளம் எங்கே ஏமாற்றும் என்பதற்கு வருவோம். மிகுதியாக நடக்கும் தவறு, தெரிந்த பெயர் என்று கண்ணை ஓட்டிவிடுவது. தற்காவலர் உரிமை பெற்றவரின் புதிய கட்டுரை தானாகவே சரிபார்க்கப்பட்டதாகக் குறியிடப்படும், வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை. அவர் மொழிபெயர்ப்புக் கருவியில் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து ஆண்டுகளை மாற்றிப் போட்டிருந்தால் அது அப்படியே நிற்கும். வாரத்துக்கு ஒரு முறை, நன்றாகத் தெரிந்த மூன்று நான்கு பெயர்களின் பங்களிப்புப் பக்கத்திலிருந்து ஏதாவதொரு கட்டுரையை எடுத்து, மேற்கோள் இணைப்பு திறக்கிறதா, எண்கள் மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிழை கண்டால் திருத்திவிட்டுச் சுருக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். பழைய பயனர்கள் இதற்கு வருந்துவதில்லை. யாராவது படிக்கிறார்களே என்று மகிழ்வார்கள்.

இரண்டாவது தவறு, ஒரே மாதிரி எழுதுபவர்களைக் கைப்பாவைக் கணக்குகள் (ஒரே ஆள் மறைவாக நடத்தும் பல கணக்குகள்) என்று சந்தேகிப்பது. பயிலரங்கு நடந்தால் ஒரே பிற்பகலில் பத்துப் பதினைந்து புதுக் கணக்குகள் ஒரே வடிவக் கட்டுரைகளோடு வரும். எல்லாரும் ஒரே மாதிரிப் பக்கத்தைப் பார்த்து எழுதுவதால் தகவற்பெட்டி, துணைத்தலைப்பு, பிழை எல்லாம் ஒன்றாகவே இருக்கும். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரு நாளில் 6 கணக்குக்கு மேல் தொடங்க முடியாது என்பதால், ஏழாவது ஆளிலிருந்து பக்கத்து இருக்கைக்காரரின் கணக்கிலேயே எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பெயருக்குப் பின்னால் மூன்று கைகள்! பயிலரங்கு நடத்துபவர்கள் முன்கூட்டியே வீட்டிலிருந்து கணக்குத் தொடங்கி வரச் சொல்வதும், ஆலமரத்தடியில் நாளும் இடமும் அறிவித்துவிடுவதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கும். கைப்பேசி இணையமும் ஏமாற்றும்: அதில் ஒரே முகவரியைப் பலர் பகிர்கிறார்கள், ஒரே ஆளின் முகவரியும் அடிக்கடி மாறுகிறது.

கணக்கில்லாமல் தொகுப்பவர்கள் முன்பு ஐபி முகவரியாகத் தெரிவார்கள். இப்போது தற்காலிகக் கணக்காகத் தெரிகிறார்கள்: அலைக்குறி, ஆண்டு, சில எண்கள் சேர்ந்த பெயர். உலாவியின் குக்கியில் தங்கியிருக்கும் இந்தப் பெயர் 90 நாளில் காலாவதியாகும். குக்கியை அழித்தாலோ, கணினியிலிருந்து கைப்பேசிக்கு மாறினாலோ புதுப் பெயர் கிடைக்கும். ஆக, ஒரே ஆள் இரண்டு மூன்று எண்களில் தெரிவது இயல்பு. அதில் கள்ளம் இருக்க வேண்டியதில்லை. மாவட்டக் கோயில்களையே திருத்திவரும் ஒரு தற்காலிகக் கணக்கு மறைந்து, அடுத்த வாரம் அதே கோயில்களில் வேறு எண் வந்தால், பேச்சுப் பக்கத்தில் ஒரு வரவேற்பு எழுதி, நிலையான கணக்கு தொடங்கினால் உரையாட எளிது என்று சொல்லுங்கள்.

சந்தேகம் உண்மையிலேயே வலுத்தால் வழிமுறை இருக்கிறது. இரு கணக்குகளும் பொதுவாகத் தொட்ட பக்கங்களையும் இடைப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் கருவிகள் விக்கிமீடியாவின் டூல்ஃபோர்ஜ் வழங்கியில் உள்ளன. வாக்கெடுப்பு ஒன்றில் இரண்டும் சில நிமிட இடைவெளியில் ஒரே பக்கம் சாய்ந்தனவா, ஒரே எழுத்துப்பிழை இரண்டிலும் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேறுபாட்டு இணைப்புகளைத் திரட்டி, முதலில் அந்தப் பயனரின் பேச்சுப் பக்கத்திலேயே கேளுங்கள். ஒருவர் இரண்டு கணக்கு வைத்திருப்பது குற்றமன்று. தானியங்கி ஓட்டவும், பொதுக் கணினியில் பயன்படுத்தவும் அறிவித்துவிட்டே வைத்திருப்பார்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் நிர்வாகிகளிடம் போகலாம். இரு கணக்குகளின் ஐபி முகவரிகளை ஒப்பிடும் தொழில்நுட்பச் சோதனைக்கு, உள்ளூரில் அந்த உரிமை உள்ளவர் இல்லாத விக்கிகள் எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மெட்டா விக்கியில் ஸ்டீவர்டுகளிடம் (எல்லா விக்கிகளிலும் உயர் உரிமை பெற்ற பயனர்களிடம்) வேண்ட வேண்டும். அந்தத் தரவு 90 நாள்தான் சேமிப்பில் இருக்கும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் மாற்றமும் பலரைக் குழப்புகிறது. பெயரை மாற்றிக்கொண்டவரின் பங்களிப்புகள் முழுவதும் புதுப் பெயருக்கு நகர்ந்துவிடும். பழைய உரையாடல்களில் இட்ட கையொப்பம் மட்டும் பழைய பெயரிலேயே நிற்கும். 2010ஆம் ஆண்டு உரையாடலில் காணும் யாரோ ஒருவர் இன்று உங்களோடு தினமும் பேசுபவராக இருக்கலாம். கையொப்பத்தைச் சொடுக்கினால் வழிமாற்று சொல்லிவிடும்.

விக்கிச் சந்திப்பில் நேரில் பார்த்துப் பழகியபின், அவருடைய உண்மைப் பெயரோ பணியிடமோ ஊரோ உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரே பயனர் பக்கத்தில் எழுதாதவரை அதைத் தளத்தில் எங்கும் எழுதாதீர்கள், அன்பான பாராட்டிலும் கூட. விக்கிமீடியாவின் பொது நடத்தை விதிகள் இதைத் தெளிவாகத் தடுக்கின்றன. தமிழ்ச் சூழலில் ‘ஐயா, உங்கள் அலுவலகத்தில் பார்த்தேனே’ என்று எழுதிவிடுவது மிக எளிது. எழுதிவிட்டால், பிறகு அழித்தாலும் பக்க வரலாற்றில் இருக்கும். நிர்வாகியிடம் சொல்லி அந்தத் திருத்தத்தை மறைக்கச் செய்யுங்கள்.

கடைசியாக, வழக்கமாக வரும் பெயர் வராமல் போவது. அவருடைய பங்களிப்புப் பக்கத்தில் கடைசித் தேதியைப் பாருங்கள். பரீட்சைக் காலம், வேலை மாற்றம் என்று இரண்டு மூன்று மாத இடைவெளி சாதாரணம். அதற்கு மேல் போனால் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். மின்னஞ்சல் வசதியைத் திறந்து வைத்திருந்தால் அதில் அனுப்புங்கள், அதுதான் தளத்துக்கு வராதவரையும் எட்டும். அவர் பார்த்துவந்த கட்டுரைகளில் முக்கியமானவற்றை உங்கள் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் இல்லாத நாள்களில்தான் அங்கே விசமத் தொகுப்புகள் தங்கிப்போகும். அவர் நிர்வாகியாக இருந்தால், தனி விதி வகுக்காத விக்கிகளில் 2 ஆண்டு முழுக்கத் தொகுப்பும் நிர்வாகச் செயலும் இல்லாதவரின் நிர்வாக உரிமையை ஸ்டீவர்டுகள் சமூகத்துக்கு அறிவித்துவிட்டு விலக்குவார்கள். அறிவிப்பு வந்ததும் அவருக்கு நேரடியாகத் தெரியப்படுத்துங்கள்.