லார் போய்த் திரும்ப 150 மில்லி ஆயில்

மஸ்டா ஆர்எக்ஸ்-8 காரை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் கிளம்புகிறவர்கள் பெட்ரோலுக்கு முன்னால் என்ஜின் ஆயிலைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பழைய ஆர்எக்ஸ்-8 ஒன்றை வாங்கி மூன்றாண்டுகளாக ஓட்டி வருகிறேன். இதிலுள்ள ரோட்டரி வகை என்ஜினை உருவாக்கிய ஃபெலிக்ஸ் வான்கெல் 1902-இல் பிறந்த லார் என்ற ஊருக்கு, கருங்காட்டு மலைவழியாக இதே காரில் போய்வர வேண்டும் என்ற நெடுநாள் ஆசை, செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நிறைவேறியது.

இந்த என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவிலான இரண்டு ரோட்டர்கள் சுழல்கின்றன. ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய சீல்கள் சுவரை உரசிக்கொண்டே ஓடுவதால், அவை தேயாமலிருக்க ஒரு சிறு பம்ப் என்ஜின் ஆயிலிலிருந்தே கொஞ்சங்கொஞ்சமாக எடுத்து உள்ளே செலுத்துகிறது. டூ ஸ்ட்ரோக் பைக்குகளில் 2டி ஆயில் எரிவதைப் போல அதுவும் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்துவிடும். ஆகவே நல்ல நிலையிலுள்ள என்ஜினிலும் ஆயில் குறையத்தான் செய்யும். குறையவே இல்லையென்றால்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். டாஷ்போர்டில் உள்ள ஆயில் முள் அழுத்தத்துக்கானது. எவ்வளவு ஆயில் மிச்சமிருக்கிறது என்பதை அது சொல்லாது.

காலையில் வழக்கமான பெட்ரோல் பங்க்கில், ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியின் மேல்கோடு வரை ஆயிலை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு கிளம்பினேன். பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை மலைமுகட்டை ஒட்டிச் செல்லும் பி500 சாலை சுமார் 60 கிலோமீட்டர். இருபுறமும் அடர்ந்த ஊசியிலை மரங்கள், அவை விலகும் இடங்களில் கீழே ரைன் சமவெளி. நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை தயங்காமல் ஏறும் இந்த என்ஜினின் குரலைக் கேட்க இதைவிட நல்ல சாலையை நான் கண்டதில்லை. ஆனால் சுழற்சியும் சுமையும் கூடக் கூட அந்தப் பம்ப் செலுத்தும் ஆயிலும் கூடும் என்பதால், மும்மல்சே ஏரிக்கரையில் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன்.

டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால், ஆயில் கீழ்க்கோட்டைத் தொட்டும் தொடாமலும் நின்றது. புட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் கார் சரிவில் நிற்பதைக் கவனித்தேன். போன ஆண்டு இப்படியொரு சரிவில் பார்த்த அளவை நம்பி அரை லிட்டர் ஊற்றினேன். மிஞ்சிய ஆயில் ஆவிக்குழாய் வழியே காற்றுப் பாதைக்குள் போய், புகை கக்கியபடி வீடு திரும்ப வேண்டியதாயிற்று. இம்முறை புட்டியை மூடி வைத்துவிட்டு ஃப்ராய்டன்ஷ்டாட் சென்று, சமதளத்தில் நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே, பாதிக்கும் மேலேயே இருந்தது. ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை.

அங்கிருந்து கின்சிக் பள்ளத்தாக்கில் இறங்கி மாலையில் லார் சேர்ந்தேன். பழைய கோட்டையில் எஞ்சி நிற்கும் நாரைக் கோபுரத்தைச் சுற்றி நடந்தபோது, கடுமையான கிட்டப்பார்வையால் வான்கெல் கடைசிவரை ஓட்டுநர் உரிமமே பெறவில்லை என்பது நினைவுக்கு வந்தது. 1957-இல் நெக்கார்சுல்மில் முதன்முதலாக ஓடிய தன் என்ஜினை, சாலையில் ஒருமுறைகூடத் தானே ஓட்டிப் பார்க்க முடியாத அவரை எண்ணி மனம் கனத்தது.

இரவு அதே பங்க்கில், காலையில் நிறுத்திய அதே இடத்தில் நிறுத்தி, அளவுக்குவளையால் மேல்கோடு வரை ஊற்றியபோது 150 மில்லி பிடித்தது. ஓடிய தூரம் 400 கிலோமீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு 375 மில்லி என்று கணக்காகிறது. அன்றாட ஓட்டத்தில் என் குறிப்பேடு காட்டும் அளவு 250 தான். 375 என்பதை மட்டும் பார்த்தால் பதற்றமே வந்திருக்கும். பக்கத்தில் 'மலைச்சாலை, உயர் சுழற்சி' என்று எழுதி வைத்தேன். அடுத்த வாரம் அலுவலகம் போய்வந்த 400 கிலோமீட்டருக்கு 100 மில்லிதான் பிடித்தது.