நிகழ்வு எல்லைக்கு உள்ளே கேமரா: நிழலின் நடுவே முளைத்த பொய் வானம்

கருந்துளைக்குள் விழும் கேமராவுக்கு வானம் எப்படித் தெரியும் என்று வரையும் ரே டிரேசர் இது: ஒவ்வொரு பிக்சலுக்கும் வரும் ஒளிக்கதிரைக் கணக்கிடும் நிரல். நிகழ்வு எல்லை (ஒளியும் வெளியேற முடியாத எல்லை) வரை பிழையே காட்டாத அது, எல்லையைத் தாண்டியதும் நிழலின், அதாவது வானத்தைக் கருந்துளை மறைக்கும் கறுப்பு வட்டத்தின், நடுவில் நட்சத்திரங்களை வரையத் தொடங்கியது. உள்ளே போகப் போக அந்த வட்டம் பெருத்தது. எல்லை ஆரத்தில் பாதிக்கு வந்தபோது நடுவிலிருந்து 38 பாகை வரை பொய் வானம், பிறகு ஒரு கறுப்பு வளையம், 53 பாகைக்கு அப்பால்தான் அசல் வானம். பார்க்க அழகு, ஆனால் முழுத் தவறு.

சுழலாத கருந்துளை, வெகு தொலைவில் ஓய்விலிருந்து விழும் கேமரா, பெயின்லெவே-குல்ஸ்ட்ராண்ட் ஆயங்கள் (இப்படி விழுபவரின் கடிகாரத்தையே நேரமாகக் கொள்பவை, எல்லையிலும் உடையாதவை). எல்லை ஆரமும் ஒளிவேகமும் 1 என்றால், விழும் வேகம் 1 ÷ √ஆரம்.

கோளாறு முழுக்க ஆற்றலின் குறியில் இருந்தது. கேமராவில் ஒளியின் ஆற்றலை 1 என்று வைத்தால் தொலைவில் அதன் ஆற்றல் 1 − வேகம் × கொசைன். கொசைன், சைன் இரண்டும் பிக்சலின் கோணத்துக்கு; அதைக் கருந்துளையின் திசையிலிருந்து அளக்க வேண்டும். மோதல் காரணி (தொலைவிலிருந்து வரும் கதிர் மையத்தை விட்டு எவ்வளவு விலகிக் குறிவைக்கிறது என்ற அளவு) = ஆரம் × சைன் ÷ அந்த ஆற்றல். ஒளிக்கோளத்துக்குள் (ஒளி வட்டமிடக்கூடிய ஆரம் 1.5-க்குள்) வந்துவிட்ட கேமராவுக்கு ஒரு பிக்சலில் வானம் தெரிய, கொசைன் வேகத்தைவிடக் குறைவாகவும் மோதல் காரணி 2.598-க்குள்ளும் இருக்க வேண்டும். எல்லைக்குள் வேகம் 1-ஐ மிஞ்சுவதால் முதல் சோதனையில் எல்லாப் பிக்சலும் தேறிவிடும். இரண்டாவதில் மோதல் காரணியின் வர்க்கத்தை ஒப்பிட்டதால், நேர் முன்னே இருக்கும் பிக்சல்களின் ஆற்றல் எதிர்க்குறியில் இருப்பது மறைந்துபோனது. வெளியிலிருந்து வரும் ஒளிக்கு அது நேர்க்குறிதான். ஆற்றல் > 0 என்று ஒரே ஒரு சோதனை சேர்த்ததும் நிழல் மூடிக்கொண்டது!

நிழலுக்குள் விழும் கதிர்களைப் பின்னோக்கித் தொடரவே வேண்டாம். எல்லையை ஒட்டி ஊர்ந்துகொண்டே இருக்கும், நிரல் முடியாது.

சரிபார்க்க: நிழலின் அரைக்கோணம் ஆரம் 1.5-இல் 35.3 பாகை, எல்லையில் 42.1, மையத்தை நெருங்கும்போது 90. எல்லையில் வானம் ஒரு புள்ளியாகச் சுருங்கும் என்று பலரும் எழுதுவது, அங்கே அசையாமல் நிற்க முயலும் கேமராவுக்குத்தான் பொருந்தும்.

நிறம் இன்னும் முடியவில்லை. அதிர்வெண் 1 ÷ (1 − வேகம் × கொசைன்) மடங்காகும். பக்கவாட்டில் மாற்றமே கிடையாது. எல்லையில் நேர் பின்னே சரிபாதி: 6000 கெல்வின் விண்மீன் 3000 போலச் சிவக்கும். நிழல் விளிம்பிலோ கிட்டத்தட்ட 3.9 மடங்கு, பரப்பொளிர்வு அதன் நான்காம் அடுக்கில், 225 மடங்குக்கு ஏறுவதால் 8 பிட் வான்படம் வெளுத்துவிடுகிறது. விண்மீன்களை அளந்த கையா விண்கலத்தின் பட்டியலிலிருந்து வெப்பநிலையோடு விண்மீன்களை எடுப்பதுதான் வழி.

நமது பால்வீதி மையத்துக் கருந்துளையின் நிறை சுமார் 43 லட்சம் சூரியன்கள். அதில் எல்லையிலிருந்து மையம் வரை விழ, கேமராவின் கடிகாரத்தில் 28 விநாடி. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ 670. அதற்குள் சுழலும் கருந்துளைக்கான டோரன் ஆயங்களையும் எழுதிப் பார்க்க ஆசை வந்துவிட்டது.