வெள்ளைப் பொடியில் ஒரு சிவப்புக் கோடு

இன்று விடியற்காலை, காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் வண்டிகளின் சத்தத்தோடு அக்கா மகனின் வீடியோ அழைப்பும் வந்தது. ஆஸ்திரேலியாவில் வயல்களுக்கு மருந்தடிக்கும் விமானங்களைப் பராமரிக்கிறான்.

"மாமா, எலிவேட்டர் கீலுக்குப் பக்கத்தில் முடி போல ஒரு கோடு. பெயின்ட் வெடிப்புதான் என்கிறார்கள்." எலிவேட்டர் என்பது விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்க உதவும் வால் தகடு.

"பெயின்ட்டை எடுத்துவிட்டுச் சாயம் போட்டுப் பார். சுரண்டாதே, விரிசலின் வாய் மூடிக்கொள்ளும்."

சிவப்புச் சாயம் தடவி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி கலந்த திரவத்தைத் தெளித்தான். சற்று நேரத்தில் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் துளை விளிம்பிலிருந்து, விரிசலுக்குள் புகுந்திருந்த சாயம் மெல்லிய சிவப்புக் கோடாகக் கசிந்து எழுந்தது. நகத்தின் நீளம்கூட இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இந்த விமானங்கள் படும் பாடு மற்றவற்றுக்கு இல்லை. பயிருக்குச் சில மீட்டர் உயரத்தில் பறந்து, வயல் முடியும் இடத்தில் சட்டென்று மேலே ஏறித் திரும்ப வேண்டும்; நாள் முழுவதும் இதே வேலை. தெளிக்கும் மருந்தும் இடுக்குகளில் புகுந்து அலுமினியத்தை அரிக்கும். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்புத் தீற்றல் தெரிந்தால் அது தளர்ந்து உராய்கிறது என்று அர்த்தம். கழுவும்முன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

நான் வேலை செய்த ஓரிடத்தில் இப்படியொரு கோட்டின் மேல் பெயின்ட் அடித்து அனுப்பப் பார்த்தார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அவன் விமானத்தில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டான். புதிய பாகம் வரும்வரை அது பறக்காது.