பத்தாவது லீவில் பட்டறைக்குப் போகும் முன்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுவாரமே கொங்கு நாட்டில் வேலை கூப்பிடும். திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் 'கைமடி தேவை' என்று பலகை தொங்கும். தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் உதவியாள்தான் கைமடி. கோவை கணபதியில் லேத் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) பட்டறைக்காரர், "பையன் சும்மாதானுங்க இருக்கான், அனுப்பி வைங்க" என்பார். அனுப்பலாம். ஆனால் கற்றுக்கொள்ளப் போகிறானா, சம்பளத்துக்குப் போகிறானா என்பதை முதல் நாளே பேசி முடித்துவிட வேண்டும். சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வந்து பழகிவிட்டால் ஜூனில் புத்தகப் பை தூக்க மனசு வராது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துக் கைமடியாகவே மூன்று வருஷம் ஓட்டியவருக்குத் துணி மடிக்கத் தெரியும். கையில் ஒரு சான்றிதழ் இருக்காது.

பேச வேண்டியது இவ்வளவுதான்: நான்கு வாரம், காலை 9 முதல் 1 வரை, ஒரே மேசையில் உட்கார வைக்கக் கூடாது. பனியன் கம்பெனி என்றால் முதல் வாரம் துணிப் பரிசோதனையும் கட்டிங்கும், அடுத்து பவர் டேபிள் எனும் தையல் மெஷின் வரிசை, பிறகு செக்கிங், கடைசியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மர்ச்சண்டைசர் மேசை. செக்கிங்கை மட்டும் தவிர்க்காதீர்கள். மற்ற எல்லாப் பிரிவிலும் நடந்த தப்பு அங்கேதான் வெளிச்சத்துக்கு வரும். பவுண்டரி, அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் வேலைக்கு 18 வயது ஆகாதவர் போகவே கூடாது. சட்டம் அதை ஆபத்தான தொழில் என்று வைத்திருக்கிறது. தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ், சாயப்பட்டறை இரண்டையும் தூர நின்று பார்த்தால் போதும்.

லேத் பக்கம் போகிறவர் முழுக்கைச் சட்டை, கைக்கயிறு, மோதிரம், கையுறை எதுவும் போடக் கூடாது. இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றும் சக் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போடுவதுதான் புதுப் பையன்கள் செய்கிற பெரிய தப்பு. அது தெறித்தால் எதிரில் நிற்பவர் மண்டை உடையும். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கொக்கியால்தான் எடுக்க வேண்டும்.

ஒரு 100 பக்க நோட்டு அவசியம். 'இன்று டிரில்லிங் பார்த்தேன்' என்று எழுதுவதில் பயனில்லை. அளவு, கருவி, தப்பு, காரணம் நான்கும் வர வேண்டும். இப்படி: "எம்10 டேப், பிட்ச் 1.5. துளை 8.5 மி.மீ. போட வேண்டும். 8 போட்டோம், டேப் முறிந்தது." எம்10 என்றால் 10 மி.மீ. விட்டமுள்ள மரை, டேப் துளைக்குள் அந்த மரையை வெட்டும் கருவி, பிட்ச் மரைக்கு மரை உள்ள இடைவெளி. டேப் முறிந்த காரணம், வெட்ட வேண்டிய இரும்பு அதிகமாகி டேப் இறுகிவிட்டது. பெரிதாக 9 போட்டால் டேப் சுலபமாக ஓடும், ஆனால் மரைக்கு ஆழம் இருக்காது, போல்ட்டை இறுக்கும்போது வழுக்கும். விட்டத்திலிருந்து பிட்சைக் கழித்தால் துளை அளவு: 10 – 1.5 = 8.5. ஐடிஐ ஃபிட்டர் பாடத்தில் இந்தக் கணக்கு வரும்போது இவர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

துணியிலும் அதே முறைதான். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. ஜிஎஸ்எம் கட்டர் வெட்டும் வட்டம் 100 சதுர செ.மீ. அது 1.80 கிராம் இருந்தால் துணி 180 ஜிஎஸ்எம். ஈரம் போகாத துணியை எடை போட்டால் கூடுதலாகக் காட்டும். ஒரே இடத்தில் வெட்டி முடிவு சொல்லாமல், ஓரத்தை விட்டு நாலைந்து இடத்தில் வெட்டிச் சராசரி பாருங்கள்.

நான்கு வாரம் நின்று பார்த்தபின் படிப்பைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கை வேலை பிடித்துவிட்டது என்றால் அரசு ஐடிஐ. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் இரண்டாண்டு. நாமக்கல் லாரி பாடி பட்டறைகளில் மனசு நின்றவருக்கு வெல்டர் ஓராண்டு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. வரைபடமும் கணக்கும் பிடித்திருந்தால் பாலிடெக்னிக். "டிப்ளமோ போனால் வருஷம் வீணாகுமே" என்று பெற்றோர் பயப்படுவது கணக்குத் தெரியாததால். பாலிடெக்னிக் மூன்று, பிறகு நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து மூன்று, ஆக ஆறு. பிளஸ் டூ வழியிலும் இரண்டும் நான்கும் ஆறுதான். இரண்டாண்டு ஐடிஐ முடித்துப் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் நுழைந்து, பி.இ.யும் முடித்தால் இரண்டும் இரண்டும் மூன்றும் மொத்தம் ஏழு. அந்த ஒரு வருஷம் கூடுதலுக்குக் கைத்திறன் மிஞ்சும். சென்னிமலை, பவானி நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் மூன்றாண்டு டிப்ளமோவைக் கட்டாயம் விசாரியுங்கள். பிளஸ் ஒன் தொழிற்கல்விப் பிரிவை மட்டமாக நினைக்க வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் அதற்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. "மூணு வருஷம் மில்லுல இருந்தா மொத்தமா ஒரு தொகை" என்று ஆள் பிடிக்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சுமங்கலித் திட்டம் என்று அழகாகப் பெயர் வைத்தாலும் அது பயிற்சி இல்லை. பாதியில் உடம்புக்கு முடியாமல் வீடு திரும்பினால் அந்தத் தொகைக்குப் பொறுப்பாளி யாரும் இருக்க மாட்டார்கள்.

சட்டப்படியான பயிற்சி 1961 ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருவது. குறைந்த வயது 14, ஆபத்தான தொழிலுக்கு 18. மைனர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகை மாதாமாதம் வர வேண்டும், வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று முன்னமே பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால் பதிவு அங்கேயே நின்றுவிடும். அசல் மதிப்பெண் சான்றிதழைக் கம்பெனியில் விட்டு வராதீர்கள், நகல் போதும். கடைசியாக, தொழிற்பிரிவு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாய்விட்டுப் படியுங்கள். ஃபிட்டர், டர்னர், தையல் மெஷின் ஆபரேட்டர் என்று ஏதாவது ஒரு தொழிலின் பெயர் இருக்க வேண்டும். வெறும் 'ஹெல்பர்' என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.