கையெழுத்தைக் கடைசியில் போடுங்கள்

என் தையல் கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள், அலமாரியில் நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியைப் பார்த்துவிட்டு, "அது என்னக்கா, மருந்துப் பெட்டியா?" என்று கேட்பார்கள். தண்ணீர் சோதிக்கிற பெட்டி அது. உள்ளே சின்னச் சின்னக் குப்பிகள், ஒரு கண்ணாடிக் குழாய், நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டை. அந்தப் பெட்டி என் கைக்கு வந்த பிறகுதான் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் தைரியம் எனக்கு வந்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் இடையில், வடகடல் ஓரமாக இருக்கிறது. அலை குறைவு என்பதால் பெண்கடல் என்போம். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான், குடிக்கத்தான் இல்லை. சின்ன வயதில் அப்பத்தாவோடு விடிவதற்கு முன்பே எழுந்துபோய் மணலில் ஊற்றுத் தோண்டியிருக்கிறேன். சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். "ஆழமாத் தோண்டாதத்தா, உப்பு ஏறிரும்" என்று அப்பத்தா அதட்டுவார். பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீருக்கு எடை குறைவு. மேலாக மொண்டால் இனிக்கும். ஆழம் போனாலோ, மோட்டார் வைத்து இழுத்தாலோ கீழே இருக்கும் உப்பு மேலேறிவிடும். அப்பத்தா பள்ளிக்கூடம் போகாதவர். இது அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தது, தெருவுக்குத் தெரு குழாய் வந்தது. ஆனாலும் எங்கள் தெரு குழாயின் கடைசி. மற்ற தெருக்களில் பிடித்து முடித்த பிறகுதான் எங்களுக்குச் சொட்டும். இந்த மாவட்டத்துப் பெண்கள் ஏழெட்டுக் குடம் அடுக்கித் தள்ளிப் போகும் அந்த வண்டியை வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுப்பார்கள். எங்கள் வீட்டு வாசலிலும் அப்படி ஒன்று இன்னும் நிற்கிறது.

ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுத்த சமயம், ஊராட்சிச் செயலர் மகளிர் குழுக் கூட்டத்துக்கு வந்து, "அஞ்சு பொம்பளைங்க பேரு வேணும், தண்ணி டெஸ்ட் பண்ணப் பழக்கிவிடுவாங்க" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. சம்பளம் உண்டா என்று ஒருவர், எத்தனை நாள் அலைய வேண்டும் என்று இன்னொருவர். நான் கை தூக்கினேன். அந்த மாதம்தான் என் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றியிருந்தோம். என்னைப் பார்த்து மதினியும் கை தூக்கினார். அப்புறம் எதிர் வீட்டு அக்கா. இப்படி ஐந்து பேர் சேர்ந்தோம். ஊருக்கு ஐந்து பெண்களைப் பழக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்திலேயே எழுதியிருக்கும் விஷயம். குடிநீருக்கான ஊர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். எங்களில் ஒருவருக்கும் இது முன்னால் தெரியாது.

யூனியன் ஆபிஸில் பயிற்சி. உப்புப் பார்ப்பது எளிது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து ஒரு மருந்தை விட்டால் மஞ்சளாகும். இன்னொரு குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் வரும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொள்ள வேண்டும். சொட்டு கூடக் கூட உப்பும் கூடுதல். லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அடுத்தது குளோரின். தொட்டியில் மருந்து கலந்திருந்தால் கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை நிரப்பி மூடி ஓர் இரண்டு நாள் வைத்துவிட வேண்டும். தண்ணீரில் மலக்கிருமி கலந்திருந்தால் குப்பி கறுத்துப்போகும்.

ஊர் முழுக்கப் பதினோரு இடத்தில் எடுத்து வைத்தோம். தொட்டிக்குப் பக்கத்துக் குழாய்களில் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் எடுத்த மூன்றில் இரண்டு கறுத்துவிட்டது. அந்தத் தண்ணீரில்தான் என் மகளுக்குக் கஞ்சி வைத்தேன் என்று நினைத்ததும் எனக்குக் கை நடுங்கியது.

ஏன் எங்கள் தெருவில் மட்டும்? மதினியின் தம்பி பிளம்பர் வேலை பார்க்கிறான். அவன் வந்து பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது பல ஊர்களில் நடக்கிறது. சாக்கடைக்குக் குறுக்கே போகும் குழாயில் ஓர் இணைப்பு கசிகிறது. தண்ணீர் அழுத்தமாக வரும்போது உள்ளிருந்து வெளியே கசியும், கெடுதல் இல்லை. தண்ணீர் நின்ற பிறகோ, யாராவது குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சும்போதோ, வெளியே நிற்கும் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். எங்கள் தெருவில் நாலு வீட்டில் மோட்டார் மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்று என் சொந்தச் சித்தப்பா வீடு.

சரி, கிராம சபைக்குக் கொண்டுபோவோம் என்று முடிவு செய்தோம். ஆண்டுக்கு நாலு முறை நடந்துகொண்டிருந்தது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022இல் மார்ச் 22 தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து ஆறாக்கினார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். யாரும் அழைப்பிதழ் வைக்கத் தேவையில்லை. சட்டப்படி ஆள் எண்ணிக்கை உண்டு: 500 பேர் வரையுள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

இந்த எண்ணிக்கைதான் வினை. அதற்கு முன் நான் போயிருந்த ஒரே ஒரு கூட்டத்தில், அந்த எண்ணிக்கையைக் காட்டுவதற்காக, உட்கார்ந்ததுமே நோட்டைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். டீயும் வடையும் வந்தது. பாதிப்பேர் எழுந்து போனார்கள், நானும் போனேன். அன்று என்னென்ன தீர்மானம் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கையெழுத்து மட்டும் அதன் கீழே இருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

அதனால் இந்த முறை ஐந்து பேரும் பேசிவைத்துக்கொண்டோம். எழுதி எடுத்துப் போவது, இரண்டு பிரதி வைத்துக்கொள்வது, தீர்மானப் புத்தகத்தில் எழுதியதை வாசிக்கக் கேட்ட பிறகே கையெழுத்து. மே 1 கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கும் காரணம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகிற ஆண்கள் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் தொழில் போகும் என்று வராதவர்கள்கூட மே மாதம் வருவார்கள். கடலோர ஊர்க்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டு வந்தது. "கூட்டம் முடியட்டும்ணே, கடைசியில போடுறோம்" என்று மதினி சொல்லிவிட்டார். கொஞ்சம் முறைத்தார்கள். எங்கள் முறை வந்தபோது நான் பேசியது குறைவு. கறுத்த குப்பிகள் இரண்டையும், தொட்டிப் பக்கத்தில் எடுத்த தெளிந்த குப்பி ஒன்றையும் முன்வரிசையில் கொடுத்தேன். கை மாறிக் கை மாறிப் பின்வரிசை வரை போனது. எந்தத் தெரு, எந்தத் தேதி என்று குப்பியிலேயே ஒட்டியிருந்தோம். சத்தமாக இருந்த கூட்டம் அமைதியாகிவிட்டது. பற்றாளராக வந்திருந்த அதிகாரி, "மனுவாக் கொடுங்கம்மா, பார்க்கிறோம்" என்றார். "மனுவும் தர்றோம் சார், தீர்மானமாவும் எழுதுங்க" என்றேன்.

அப்போது ஒருவர் எழுந்து, "மோட்டார் போடுறவங்களை என்ன செய்யுறதாம்?" என்றார். சித்தப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. குழாயை மாற்ற வேண்டியது ஊராட்சி, மோட்டாரைக் கழற்ற வேண்டியது நாம், இரண்டையும் எழுத வேண்டும் என்றேன். அப்படியே எழுதப்பட்டது. வாசித்தபோது எங்கள் தெருப் பெயருக்குப் பதில் வேறு தெரு இருந்தது. வாசிக்கக் கேட்டதால் திருத்த முடிந்தது. கையெழுத்துப் போட்டு வந்தோம். சித்தப்பா இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. ஆனால் மோட்டாரைக் கழற்றினார், வீட்டில் கீழ்த்தொட்டி கட்டி அதிலிருந்து ஏற்றுகிறார். முன்பே அப்படிச் செய்திருக்க வேண்டும் என்று அவரே பிறகு சொன்னார்.

குழாய் உடனே மாறவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, தீர்மானத்தின் நகல் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் வந்தது. அதை இணைத்து ஒரு திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபிஸில் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். அங்கே தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிறகு கேட்கப் போகும்போது அந்த எண்தான் பேசும். சாக்கடையைக் கடக்கும் இடத்தில் புதுக் குழாய் போட்டது அதற்குப் பிறகுதான். கடைசி வீடுகளுக்கு அழுத்தம் கிடைக்கத் தனி வால்வு வேண்டும் என்று கேட்டிருந்தோம், அது இன்னும் வரவில்லை. குட வண்டி இன்னும் வாசலில் நிற்பது அதனால்தான்.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தபோது, "தலைவரே இல்லை, இனி எதுக்குக் கிராம சபை" என்று பலர் சொன்னார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் சபை உண்டு. வார்டு உறுப்பினரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்ற வழி அடைபட்டபோது அந்தக் கூட்டம் ஒன்றுதான் மிச்சம் என்பதால், நாங்கள் இன்னும் விடாமல் போனோம்.

தண்ணீரோடு இது நிற்கவில்லை. எதிர் வீட்டு அக்கா பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. என் தம்பி தனுஷ்கோடிப் பக்கம் நாட்டுப்படகில் போகிறான். கரையில் ஆமை முட்டையிட்ட தடம் பார்த்தால் இப்போது வனத்துறைக்குப் போன் செய்துவிடுகிறான். முகுந்தராயர் சத்திரத்தில் அவர்கள் வைத்திருக்கும் பொரிப்பகத்தில் முட்டைகளைப் பத்திரப்படுத்தி, குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். வலையில் ஆவுளியா, அதாவது கடல்பசு, சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடும் மீனவர்களுக்குப் பாராட்டும் பணமும் தருகிறார்கள் என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாம்பனில் 90.4 கடல் ஓசை வானொலி மீனவர்களுக்காகவே நடக்கிறது. நம் கடற்கரைப் பேச்சை ரேடியோவில் கேட்கும்போது, நாமும் பேசலாம் என்று தோன்றுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலருக்கு இது தெரியவில்லை. கடலோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி வரைபடம் தயாரிக்கும்போது மக்கள் கருத்துக் கேட்கிறார்கள். அப்படி வரைவு வரைபடம் வந்தால், நம் ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, படகு கட்டும் இடம், வலை காயப்போடும் இடம், கருவாடு காய்கிற மணல், மீனவர் குடியிருப்பு எல்லாம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தலைமுறை தலைமுறையாக நாம் புழங்கும் இடம் வரைபடத்தில் வெறும் மணலாக இருந்தால், நாளைக்கு அது காலி நிலம் என்று இன்னொருவர் வந்து நிற்பார். படித்த பிள்ளைகள் போனிலேயே அதைத் திறந்து பெரியவர்களுக்குக் காட்டலாம். எங்கள் ஊர் ஊற்றுகளும் அதில் வர வேண்டும் என்பது என் ஆசை. குழாய்த் தண்ணீர் நிற்கும் நாளில் இன்றும் அங்கேதான் போகிறோம்.

அடுத்த கிராம சபைக்கு இரண்டு விஷயம் கொண்டுபோகிறோம். ஒன்று அந்த வால்வு. இன்னொன்று, ஊற்று மணலுக்கு அருகில் ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது என்ற தீர்மானம். மழைக்கு முன்னும் பின்னும் ஊற்றில் எடுத்த சொட்டுக் கணக்கைப் பதினொன்றாவது படிக்கும் என் மகள் ஒரு சார்ட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கும் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன்.