ஓர் ஆணிக்கு நாலு ஊசி

வெல்லம்பிட்டியில் அக்கா வீட்டுக்குள் களனி கங்கை வந்து போன மூன்றாம் நாள். தண்ணீர் வடிந்துவிட்டது, கணுக்கால் அளவு சேறுதான் மிச்சம். நானும் மச்சானும் மண்வெட்டியால் வழித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தோம். எங்கிருந்தோ மிதந்து வந்த ஒரு பலகை சேற்றுக்குள் கவிழ்ந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை. அதில் இருந்த ஆணி என் நீல இறப்பர் செருப்பைத் துளைத்து வலது பாதத்தில் ஏறிவிட்டது. இழுத்து எடுத்தபோது இரண்டு சொட்டு இரத்தத்துக்கு மேல் வரவில்லை. அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன்.

அக்கா மஞ்சளை எண்ணெயில் குழைத்துச் சூடாக்கி வைத்துக் கட்டிவிட்டாள். கொட்டாஞ்சேனைக்கு வந்து படுத்துவிட்டேன். காலையில் பாதத்தைப் பார்த்த மனைவி, "ஏற்பூசி போட்டனீங்களா?" என்று கேட்டாள். ரெட்டனஸ் என்கிற ஏற்பு நோய்க்கான தடுப்பூசியைத்தான் கேட்டாள்.

"அது புது ஆணி. துருவே இல்லை" என்றேன். பதில் சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் துண்டுச் சீட்டு எடுத்து, வாங்கில் ஒன்றரை மணி நேரம் இருந்து உள்ளே போனதும் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, கடைசியாக எப்போது ஏற்பூசி போட்டீர்கள் என்பதுதான். எனக்கு நாற்பத்தேழு வயது. பள்ளிக்கூடத்தில் சட்டைக் கையை மடித்து விட்டு வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. அது என்ன ஊசி, எந்த வருஷம், ஒன்றும் தெரியாது. அம்மா இருந்திருந்தால் கேட்டிருக்கலாம்.

பக்கத்தில் நின்ற மனைவியோ இரண்டு பிள்ளைகளையும் சுமந்த காலத்தில் போட்ட ஊசிகளைத் தேதியோடு சொன்னாள். டொக்டர் சிரித்துவிட்டார். "அம்மாமாரின் கணக்கு எப்போதும் சரி. இங்கே வந்து முழிப்பது அப்பாமார்தான்." யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கர்ப்பிணிகளுக்கு கிளினிக் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இரண்டு, நாலு, ஆறாம் மாதத்தில் தொடங்கி ஏழாம் வகுப்பு வரை ஊசி இருக்கிறது. என் வயது ஆம்பிளையை யார் கூப்பிட்டு ஊசி போடுகிறார்கள்?

தாதி காயத்தைக் கழுவத் தொடங்கினார். உப்புநீரை ஊசிக் குழாயில் நிரப்பி உள்ளே பீச்சிப் பீச்சி அடித்தார். மஞ்சள் கரைந்து வழிந்தது. அப்புறம் மெல்லிய இடுக்கியை விட்டு எதையோ பிடித்து இழுத்து, வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார். அரிசிக் குருணை அளவில் நீல இறப்பர். செருப்பின் துண்டு. ஒரு இரவு முழுக்க அதை உள்ளே வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன்.

காயத்தைத் தைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். கிருமிக்குக் காற்றுப் படாத இடம்தான் வேண்டும், மூடித் தைத்தால் நாமே அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி என்றார் டொக்டர். துருவுக்கும் ஏற்புக்கும் சம்பந்தம் இல்லையாம். குளொஸ்ரிடியம் ரெட்டானி என்ற அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் வருஷக்கணக்கில் கிடக்கும். புது ஆணியும் சேற்றில் கிடந்தால் போதும். ஆழமான, ஒடுங்கிய, இரத்தம் அதிகம் வராத குத்துக்காயம் அதற்கு மிகவும் வசதி. பெரும்பாலும் மூன்று முதல் இருபத்தொரு நாளுக்குள் வேலையைக் காட்டும். முதலில் தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போகும், பிறகு கழுத்து, முதுகு.

அன்று இரண்டு ஊசி. இடக்கையில் ஏற்பு, தொண்டைக்கரப்பான் (டிப்தீரியா) இரண்டுக்குமான தடுப்பூசி. வலக்கையில் இம்யூனோகுளோபியூலின் 250 அலகு. தடுப்பூசி உடம்புக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, அதற்கு நாளெடுக்கும். மற்றது வேறொருவர் உடம்பு தயாரித்து வைத்த எதிர்ப்புச் சக்தி, அன்றைக்கே வேலை செய்யும். பழைய ஊசிகள் ஒழுங்காகப் போட்டது தெரிந்திருந்தால் இந்த இரண்டாவது எனக்குத் தேவைப்பட்டிருக்காது.

நோய் வந்தே விட்டால் என்ன செய்வார்கள் என்று அன்றிரவு தூக்கம் வராமல் தேடி வாசித்தேன். நரம்பில் ஒட்டிக்கொண்ட நஞ்சைக் கழற்ற மருந்து இல்லை. மிச்சம் இருப்பதை இம்யூனோகுளோபியூலினால் மடக்கி, காயத்தைத் துப்புரவாக்கி, கிருமியைக் கொல்லும் மெற்றோனிடசோல் மருந்து கொடுத்து, சத்தமும் வெளிச்சமும் குறைந்த அறையில் வாரக்கணக்கில் காக்க வேண்டும். கதவு அடிபடும் சத்தத்துக்கே உடம்பு வில்லாக வளைந்துவிடுமாம். அந்தத் தசை இறுக்கத்தை அடக்க மக்னீசியம் சல்பேற்று கொடுக்கும் முறையில் நம் கொழும்பு தேசிய வைத்தியசாலை மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அத்திகல, ரொட்ரிகோ என்ற இருவரும் 40 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை 2002 இல் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். இன்னொன்றையும் வாசித்தேன்: இந்த நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி வராது. அவரும் ஊசி போட்டே ஆக வேண்டும்.

துண்டில் டொக்டர் இன்னும் இரண்டு தேதி எழுதியிருந்தார். ஒன்று நாலு வாரத்தில், மற்றது அதிலிருந்து ஆறு மாதத்தில். நாலாவது வாரம் வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் மருந்தகம் ஒன்றுக்குப் போனால், "காயம் ஆறிவிட்டதே, ஒன்று போட்டால் அஞ்சு வருஷத்துக்குக் காணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். மனைவிதான் விடவில்லை. மறுநாள் பழைய இடத்துக்கே போய் அதைச் சொன்னபோது டொக்டருக்குக் கோபம் வந்தது. அந்த அஞ்சு வருஷம், பத்து வருஷம் எல்லாம் அடிப்படை மூன்றையும் போட்டு முடித்தவர்களுக்குத்தானாம்.

மூன்றாவது தடுப்பூசி போன மாதம் முடிந்தது. இரண்டு நாள் கை வலித்தது, அவ்வளவுதான். என் ஊசி அட்டையை மனைவி பிள்ளைகளின் ஊசிப் பதிவேட்டோடு சேர்த்து அலுமாரியில் வைத்திருக்கிறாள். அதே சேற்றில் நின்ற மச்சானை நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டால், "எனக்கு ஆணி குத்தவில்லையே" என்கிறார். அக்கா அந்த நீலச் செருப்பைக் கழுவிப் பின்வாசலில் போட்டிருக்கிறாள். அடியில் ஓட்டை அப்படியே இருக்கிறது. மச்சான்தான் அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் திரிகிறார்.