மழையே இல்லாதபோது ஓடிய மழைநீர் வடிகால்

எங்கள் தெருமுனையில் உள்ள ஓடையில் மழைநீர் வடிகால் குழாய் ஒன்று வந்து விழுகிறது. மழை பெய்து வாரக்கணக்கில் ஆன பிறகும் அதில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. சாம்பல் நிறம், மேலே நுரை, மாலையில் ஒரு புளித்த வாடை. தெருக்காரர்கள் பலரும் நகராட்சிக்குப் புகார் கொடுத்திருந்தார்கள். எல்லாப் புகாரும் "அடைப்பு நீக்கப்பட்டது" என்ற ஒரே வரியோடு மூடப்பட்டிருந்தது.

அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. புகார் படிவத்தில் எல்லோரும் "வடிகால் அடைப்பு" என்ற வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது நேராகத் துப்புரவுக் குழுவுக்குப் போகும். அவர்கள் வண்டியோடு வந்து பார்ப்பார்கள், தண்ணீர் தாராளமாக ஓடும், அடைப்பு இருக்காது. புகாரை மூடிவிட்டுப் போவார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. நான் அதே படிவத்தில் கீழே ஒளிந்திருந்த "மழைநீர் வடிகாலில் கழிவுநீர் விடுதல்" என்ற வகையைத் தேர்ந்தெடுத்தேன். அது வேறு பிரிவு, வேறு ஆட்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் தனித்தனியாக இருக்கும் ஊர்களில், சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் அப்படியே ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலுக்கோ போய்விடும். நடுவில் வடிகட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. அதனால்தான் மழைநீர் தவிர வேறெதுவும் அதில் போகக்கூடாது என்று விதி. அமெரிக்காவில் 1972-இல் வந்த தூய நீர்ச் சட்டத்தை 1987-இல் திருத்தி மழைநீர் வடிகால்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 1990-இல் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு விதிகள் வந்தன, 1999-இல் நகர்ப்பகுதிகளில் உள்ள சின்ன ஊர்களுக்கும் வந்தன. கள்ள இணைப்புகளைத் தேடிப்பிடிப்பது அங்கே உள்ளாட்சியின் கடமை. ஆள் வந்து புகார் கொடுத்தால்தான் என்று இல்லை. மற்ற பல இடங்களில் நடைமுறையில் யாராவது தட்டினால்தான் கதவு திறக்கிறது.

புகாரோடு நான் இணைத்தது புகைப்படங்களும் ஒரு நேரக் குறிப்பும். கடைசியாக மழை பெய்த தேதி, அதற்குப் பிறகு எந்தெந்த நேரத்தில் தண்ணீர் வந்தது, எப்போது நின்றது, நிறம் என்ன. வந்த பொறியாளர் முதலில் கேட்டதும் அதைத்தான். மழை நின்று 72 மணி நேரம் கழிந்த பிறகும் வடிகாலில் ஓட்டம் இருந்தால் அதைச் சந்தேகப்பட வேண்டும் என்பது இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் கணக்கு. ஆனால் ஓட்டம் இருப்பதாலேயே அது குற்றம் ஆகிவிடாது. நிலத்தடி ஊற்று கசியலாம், குடிநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். ஏசியிலிருந்து சொட்டும் நீர், தீயணைக்கப் பீய்ச்சிய நீர் போன்றவற்றைப் பல ஊர்களின் விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன.

அப்புறம் சோதனை. நான் பெரிய ஆய்வகத்தை எதிர்பார்த்தேன். அவர் கொண்டுவந்தது ஒரு கைப்பெட்டி. குழாய் வாயில் தண்ணீர் பிடித்து, ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, மருந்து விட்டுக் குலுக்கினார். கொஞ்ச நேரம் அசையாமல் வைத்ததும் குப்பியின் அடியில் கருநீலம் தங்கியது. சோப்புத்தூள், டிடர்ஜென்ட் இருந்தால் அந்த நீலம் வரும், நீலம் அடர்த்தியாக இருந்தால் சோப்பும் அதிகம் என்று அர்த்தம். அடுத்தது அம்மோனியா. அதில் நிறம் மாறவே இல்லை என்று சொல்லலாம். "கக்கூஸ் லைன் இல்லை சார், இது துவைக்கிற தண்ணி" என்றார். கழிவறை நீர் கலந்திருந்தால் அம்மோனியா ஏறியிருக்கும். இதிலேயே தேடல் பாதியாகச் சுருங்கிவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் அதுவரை ஓர் உணவகத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வடிகால் என்பது கிளை கிளையாகப் பிரியும் மரம். ஒவ்வொரு கிளையாக ஏறிப் பார்த்தால் வருஷம் ஆகிவிடும். அவர்கள் வரைபடத்தைப் பார்த்து நடுவிலுள்ள மேன்ஹோலை முதலில் திறந்தார்கள். அங்கே ஈரம் இருந்தால் மேல்பக்கம், காய்ந்திருந்தால் கீழ்ப்பக்கம். இப்படியே பாதி பாதியாகக் கழித்துக்கொண்டு போனார்கள். யாரும் உள்ளே இறங்கவில்லை. நீளக் கம்பில் கட்டிய கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு: மேன்ஹோலில் விஷவாயு ஒரு நிமிஷத்தில் ஆளைச் சாய்த்துவிடும், ஆளை இறக்கித் தேட வேண்டிய அளவுக்கு எந்தக் கசிவும் பெரிதில்லை.

சிக்கல் என்னவென்றால், தண்ணீர் எப்போதும் ஓடவில்லை. காலையில் கொஞ்ச நேரம், இரவில் கொஞ்ச நேரம். அதிகாரிகள் வரும் பகல் நேரத்தில் பல மேன்ஹோல்கள் காய்ந்து கிடந்தன. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சந்தேகப்படும் குழாய் வாய்களில் சின்ன மணல் மூட்டைகளை அணைபோல வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வந்து பார்த்தபோது ஒரே ஒரு மூட்டைக்குப் பின்னால் மட்டும் நுரைத் தண்ணீர் தேங்கி நின்றது. இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. விலை உயர்ந்த கருவி எதுவும் கிடையாது, யாரும் ராத்திரி கண்விழிக்கவும் இல்லை.

அந்தக் கிளை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் போய் முடிந்தது. பொறியாளர் உள்ளே போகாமல் வெளியே நின்று பால்கனிகளை அண்ணாந்து பார்த்தார். ஒவ்வொரு தளத்திலும் பால்கனி மூலையில் வாஷிங் மெஷின், அதன் பக்கத்திலேயே மொட்டைமாடி மழைநீர் இறங்கும் குழாய். மெஷினின் வெளியேற்றக் குழாயை யாரோ ஒரு பிளம்பர் கிட்டே இருந்த குழாயில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். பார்த்தால் தெரிகிறதே என்று நான் சொன்னேன். "பார்த்தா தெரியும், கோர்ட்ல நிக்காது" என்றார். அதனால் சாயச் சோதனை.

சாயம் கரைக்கும் முன்பே தீயணைப்பு நிலையத்துக்கும் நகராட்சிக் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் ஓடை பச்சையாக ஓடுகிறது என்று போன் மேல் போன் வருமாம். குடியிருப்புச் சங்கச் செயலாளர் அனுமதியோடு மேல்தளத்து மெஷின் ஒன்றில் சாயத்தைக் கரைத்து, தண்ணீரை வெளியேற்றினார்கள். நான் கீழே மேன்ஹோல் ஓரமாக நின்றிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் டார்ச் வெளிச்சத்தில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு, அடுத்த நொடி முழுக் குழாயும் பளீரென்ற பச்சை. அதைத் தேதி, நேரம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் இதையே செய்தார்கள். ஒரு வீடு மட்டும் சரியாகச் சாக்கடை லைனில் இணைத்திருந்தது.

தெருவில் சிலர் உடனே அபராதம் போடச் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடியிருந்தவர்களுக்கு இப்படி ஒரு இணைப்பு இருப்பதே தெரியாது. அபராதத் தொகையை பைப் வேலைக்குச் செலவழித்தால் ஓடைக்காவது பிரயோஜனம். நோட்டீஸும் அப்படித்தான் வந்தது: குறிப்பிட்ட கெடுவுக்குள் இணைப்பை மாற்று, மாற்றாவிட்டால் அபராதம், மாற்றியதும் மறுசோதனை. சங்கத்துக்குள் செலவை யார் ஏற்பது என்று இழுபறி நடந்தது. அதில் நான் தலையிடவில்லை.

வேலை முடிந்ததும் மறுபடியும் அதே சாயம், அதே மெஷின்கள். இந்த முறை பச்சை சாக்கடை மேன்ஹோலில் வந்தது, குடியிருப்பின் மழைநீர்க் குழாய் காய்ந்து கிடந்தது. என்னுடைய புகார் "மூல இணைப்பு மாற்றப்பட்டது" என்று மூடப்பட்டது. மூடும் முன் என்னையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஓடையில் நுரை நின்றுவிட்டது. தெருமுனையில் ஓடையில் விழும் குழாயில் இப்போதும் ஒரு சன்னமான ஓட்டம் இருக்கிறது, ஆனால் தெளிவான தண்ணீர். சோதித்ததில் சோப்பும் இல்லை, அம்மோனியாவும் இல்லை. நிலத்தடி ஊற்றாக இருக்கலாம் என்று கோப்பில் எழுதியிருக்கிறார்கள். அடுத்த கோடையிலும் ஓடுகிறதா என்று பார்த்து எழுதச் சொல்லி பொறியாளர் என்னிடம் கேட்டிருக்கிறார். நேரக் குறிப்பைத் தொடர்கிறேன்.